பட்டவர் சொன்னால் பட்டது

சான்பாடா
7 ஜனவரி 2025

அன்புள்ள சாரு,

சௌக்கியமா? நான் சௌக்கியம்.

பதினைந்து நாளுக்கொரு கடிதம், தமிழில், கையால், ஜூன் பதினெட்டுவரை என்பது கவுன்சிலர் மர்யத்தின் உத்தரவு. "வாயால பேசுனா ரெண்டு பேரும் வக்கீலாயிருதிய. எழுதுங்க. கை வலிக்கும்லா, பொய் கொறையும்" என்று அவர் தாராவித் தமிழில் சொன்னபோது நீ சிரித்தாய். கவனித்தேன். இருபத்தைந்து வருடத் திருமணத்தை முடித்துக்கொள்ளச் சேர்ந்து மனுப் போட்டவர்களுக்கு நீதிமன்றம் ஆறு மாதம் யோசிக்கக் கொடுக்கிறது. நான் வேலை பார்த்த கம்பெனியில் ஸ்கூட்டர் திருட்டு இன்ஷூரன்ஸுக்கே அதைவிட அதிகம் எடுத்துக்கொள்வோம்.

புது வீட்டில் சமையலறை சின்னது. தோசை மாவு பாக்கெட்டில் வாங்குகிறேன். அதில் உப்புப் போட்டிருக்கிறார்களா என்று எழுதியிருப்பதில்லை. இரண்டு முறை ஏமாந்தேன். மற்றபடி குறையில்லை. நமக்குக் குழந்தைகள் இல்லாததால் யாருக்காகவும் சந்தோஷமாக இருப்பதாகக் காட்டிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

ஒரு செய்தி இருக்கிறது. சிரிக்காமல் படி.

போன ஞாயிறு காலை எங்கள் செக்டார் பூங்காவில் முப்பது பேர் ஒருவரையொருவர் வாளால் வெட்டிக் கொன்றுகொண்டிருந்தார்கள். குடியிருப்பு சொசைட்டி கமிட்டியில் என்னைச் சேர்த்திருப்பதால் புகார் சொல்ல இறங்கிப் போனேன். கௌசிக் என்று ஒரு செம்பூர்ப் பையன், ஐ.டி.யில் வேலை, அவன்தான் தலைவன். நான் வாயைத் திறக்குமுன், "அங்கிள், ஒரு ஆள் கம்மி. சும்மா நின்னா போறும். ரெண்டு நிமிஷத்துல உங்களை மார் டாலேங்கே" என்று ஒரு வாளைக் கையில் கொடுத்தான். இவ்வளவு மரியாதையாக என்னை யாரும் எதற்கும் கூப்பிட்டதில்லை. நின்றேன். சொன்னபடி இரண்டு நிமிடத்தில் சிவப்புப் போர்வை போர்த்திய ஒரு பெண் என் வயிற்றில் குத்திக் கொன்றாள். சாதனா என்று பெயர். பல் டாக்டருக்குப் படிக்கிறாளாம்.

இதற்கு லார்ப் என்று பெயர். ஆளுக்கொரு வேஷம், ஒரு கதை, அதற்குள் ஃபோம் சுற்றிய வாளால் சண்டை. வெளியே உட்கார்ந்து பார்ப்பவர்கள் கிடையாது. செத்தவர் தலையில் கை வைத்துக்கொண்டு குல்மோஹர் மரத்தடியில் ஐந்து நிமிடம் உட்கார வேண்டும். தலையில் கை இருந்தால் அவர் இங்கே இல்லை என்று பொருள். யாரும் பேசக் கூடாது. ஐந்து நிமிடம் கழித்து எழுந்து வரலாம். முப்பது வருடம் க்ளெய்ம்ஸ் டிபார்ட்மென்டில் இருந்தவனுக்கு அந்த ஐந்து நிமிடம் எப்படி இருந்தது என்று எழுத வரவில்லை.

அடுத்த ஞாயிறும் போகலாம் என்றிருக்கிறேன். கீசரை மறக்காமல் அணைக்கவும்.

அன்புடன்,
அனந்து


மாட்டுங்கா
23 ஜனவரி 2025

அன்புள்ள அனந்தநாராயணன்,

உத்தரவுப்படி அன்புள்ள.

கீசர் டிசம்பரிலேயே போய்விட்டது. வெந்நீர் அடுப்பில் வைக்கிறேன். அணைக்க மறப்பதில்லை.

காலையில் கிங்ஸ் சர்க்கிளில் ஏறி, வடாலாவில் வண்டி மாறி, செம்பூரில் இறங்கி நூலகம். மாலையில் அதையே தலைகீழாக. காலேஜில் புத்தகம் எடுக்க வருகிறவர்களைவிட ஏ.சி.க்கு வருகிறவர்கள் அதிகம். ஒரு மாணவன் பரீட்சைக்கு முன்தினம் வந்து, "மேடம், எது சின்னதோ அது குடுங்கோ" என்றான். கொடுத்தேன். நன்றாகப் படிக்கிற பையன்தான்.

உங்கள் யுத்தச் செய்தி கிடைத்தது. சிரிக்கக் கூடாது என்றதால் சிரிக்கவில்லை. ஐம்பத்தாறு வயதில் வாள் எடுத்ததில் ஆச்சரியமும் இல்லை. நம் ஊர் ஆண்கள் அந்த வயதில் ஜோசியம், ஹோமியோபதி, சொசைட்டி கமிட்டி மூன்றில் ஒன்றை எடுப்பார்கள். நீங்கள் மூன்றாவதில் ஆரம்பித்து நாலாவதைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். இடது முட்டிக்கு நீ-கேப் போட்டுக்கொள்ளுங்கள். பழையது அலமாரியில் இருந்தது, இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

தலையில் கை வைத்தால் ஆள் இங்கே இல்லை என்று பொருள் என்று எழுதியிருந்தீர்கள். நம் வீட்டில் அந்தச் சட்டம் கை வைக்காமலே பல வருடம் அமலில் இருந்தது. உங்களுக்கு அது புதிதாகத் தோன்றியதுதான் புதிது.

பொங்கலுக்கு மாதவ் வந்திருந்தான். நீங்கள் அங்கே போய்விட்டதால் வந்தான். எட்டு வருடத்துக்குப் பிறகு என் தம்பி இந்த வீட்டில் காப்பி குடித்தான். "அத்திம்பேர் எப்படி இருக்கார்?" என்று கேட்டான். நீங்கள் அவனைப் பற்றிச் சொல்லித் திரிந்ததற்கு அவன் அப்படிக் கேட்டிருக்கவே வேண்டாம்.

சாருலதா


சான்பாடா
18 பிப்ரவரி 2025

அன்புள்ள சாரு,

நீ-கேப் வந்தது. அதனால்தான் இன்னும் நிற்கிறேன். மாதவ் விஷயம் பழைய விஷயம். அதை இங்கே இழுக்க வேண்டாம் என்று நினைக்கிறேன்.

இரவல் வாளோடு எத்தனை வாரம் போவது? கௌசிக் தாராவியில் கரீம் பாட்சாவிடம் அனுப்பினான். சயானில் இறங்கி நடந்தேன். சந்துக்குள் மூன்று மாடிப் பட்டறை. கீழே பெல்ட்டும் பர்ஸும், மேலே துபாய்க்குப் போகிற தோல் ஜாக்கெட், மொட்டை மாடியில் கவசம். பத்துப் பேர் வேலை செய்கிறார்கள். அமெரிக்காவிலிருந்து இருநூறு மார்க்கவசத்துக்கு ஆர்டர் வந்திருக்கிறதாம்.

"அண்ணாச்சிக்கு என்ன வேசம்? ராசாவா?" என்றார் பாட்சா.

"இல்லை. ஏதோ அதிகாரி மாதிரி."

"அப்பம் வாளு சின்னது போதும். அதிகாரி எங்க வெட்டப் போறாரு? கையெழுத்துதான போடுவாரு."

உள்ளே ஃபைபர் கம்பி, மேலே இரண்டு அடுக்கு ஃபோம், அதற்கு மேல் ரப்பர் பூச்சு. நுனியில் கம்பி தட்டுப்படக் கூடாது. தட்டுப்பட்டால் அந்த வாள் களத்துக்குள் வராது. தன் முன்கையில் இரண்டு தடவை ஓங்கி அடித்துக் காட்டினார். "இதுல அடிச்சா ஆளு சாவ மாட்டாவ. ஆனா தலையில அடிச்சியள்னா மறு வாரம் ஒங்களச் சேக்க மாட்டாவ." தலை, கழுத்து, இடுப்புக்குக் கீழ் முன்புறம், இம்மூன்றும் விலக்கு. கையை ஓங்கலாம், படுகிற நேரத்தில் வேகத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். முதல் மூன்று வாரம் புதியவர்களுக்கு இந்தப் பிடித்துக்கொள்வதை மட்டும்தான் சொல்லித் தருகிறார்கள்.

இதில் என்னை அசத்திய விஷயம் ஒன்று உண்டு. நடுவர் கிடையாது. யாருக்கு அடி பட்டதோ அவரேதான் 'லகா!' என்று கத்த வேண்டும். பட்டது என்று. கையில் பட்டால் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு மறு கையால் போராட வேண்டும். காலில் பட்டால் மண்டி. மார்பிலோ வயிற்றிலோ பட்டால் மரணம். அடித்தவன் 'பட்டதே!' என்று கேட்கக் கூடாது, அது மரியாதைக் குறைவு. பட்டவர் சொன்னால் பட்டது. அவ்வளவுதான். பட்டும் சொல்லாதவனுக்குப் 'பத்தர்' என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். கல். அந்தப் பெயர் வந்தால் அப்புறம் எந்தக் கதையிலும் நல்ல வேஷம் கிடைக்காது.

யோசித்துப் பார், சாரு. அடிபட்டவன் சொல்வதை நம்பாததற்காக முப்பது வருடம் சம்பளம் வாங்கினவன் நான். தீ விபத்து என்றால் சேதத்தைச் சோதிக்க ஒரு சர்வேயர், கால் முறிவு என்றால் இரண்டு டாக்டர், ஊர் கூடிப் பார்த்த வெள்ளத்துக்கும் புகைப்படம். இங்கே ஒரு பல் டாக்டர் பெண் தானாகவே 'லகா' என்று சொல்லிவிட்டுப் போய் மரத்தடியில் உட்காருகிறாள்.

போன ஞாயிறு நான் பதினோரு தடவை செத்தேன். அதில் இரண்டு சந்தேகக் கேஸ். சட்டையில்தான் உரசியது. ஆனாலும் சொன்னேன். முடிவில் கௌசிக் எல்லோர் முன்னாலும், "அங்கிள் மாதிரி இமாந்தாரா, நேர்மையா விளையாடறவா யாரும் இல்லை" என்றான். கை தட்டினார்கள். முன்கூட்டியே ரிடையரான அன்றைக்குக்கூட இவ்வளவு தட்டவில்லை.

ஒரு உதவி வேண்டும். மே மாதம் பன்வேல் பக்கம் ஒரு பண்ணையை வாடகைக்கு எடுத்துப் பெரிய ஆட்டம் நடத்துகிறார்கள். அதற்கு ஒவ்வொருவரும் தன் பாத்திரத்தைப் பற்றி ஒரு படிவம் நிரப்ப வேண்டும். பெயர், தொழில், ஒரு திறமை, ஒரு பயம், ஒரு குற்றம். மற்றதெல்லாம் எழுதிவிட்டேன். குற்றம் மட்டும் என்ன எழுதுவதென்று தோன்றவில்லை. நீ நிறையப் படித்தவள். ஏதாவது சொல்லேன்.

அன்புடன்,
அனந்து


மாட்டுங்கா
9 மார்ச் 2025

அன்புள்ள அனந்தநாராயணன்,

உங்கள் கடிதத்தின் கடைசிப் பாராவை மூன்று நாள் மேஜைமேல் வைத்திருந்தேன். குத்தலாக எழுதியிருக்கிறீர்களோ என்று பார்த்தேன். இல்லை. உங்களுக்கு நிஜமாகவே தோன்றவில்லை.

சரி. கேட்டதால் சொல்கிறேன்.

ஆங்கிலத் தேதிப்படி இன்றோடு எட்டு வருடம். 2017 மார்ச் ஒன்பது, வியாழக்கிழமை. மாலை ஏழரைக்கு உங்கள் ஜெனரல் மேனேஜர் நம் வீட்டுக்குச் சாப்பிட வருவதாக இருந்தது. உங்கள் பிரமோஷன் லிஸ்ட் அவர் மேஜையில் இருந்தது. என் போன் அன்று ரிப்பேருக்குப் போயிருந்தது. மதியம் இரண்டு மணிக்குப் பாலக்காட்டிலிருந்து மாதவ், வீட்டு போனில் லைன் கிடைக்காமல், உங்கள் போனில் கூப்பிட்டு, அப்பாவுக்கு மோசமாக இருக்கிறது, சாருவை உடனே அனுப்புங்கள் என்றான். ஐந்து நாற்பதுக்குக் கோயம்புத்தூர் விமானம் இருந்தது. "நான் பார்த்துக்கறேன், நீ கவலைப்படாதே" என்றீர்களாம்.

மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தீர்கள். பாலடைப் பிரதமன் கெட்டியாக இருக்கிறதா என்று பார்த்தீர்கள். ஏழரைக்கு அவர் வந்தார். இரண்டு முறை பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தார். மூன்றாவது முறை நானாகவே ஊற்றினேன். அவர் சொன்ன ஜோக்குக்குச் சிரித்தேன். ஒன்பது மணிக்கு அவர் லிஃப்டில் இறங்கியதும் வீட்டு போன் அடித்தது. மாதவ். "எங்கே இருக்கே? கோயம்புத்தூர்லேர்ந்து வண்டி கிடைச்சுதா?"

அப்பா அன்று இரவே போய்விட்டார். பதினோரு மணிவரை நினைவிருந்ததாம். நான் வந்துகொண்டிருக்கிறேன் என்று மாதவ் அவரிடம் சொல்லியிருந்தான். காலை விமானத்தில் போய் உடம்பைப் பார்த்தேன். அடுத்த மாதம் உங்களுக்குப் பிரமோஷன் வந்தது.

நடந்தது இது. இதைக்கூட நான் ஒருவேளை தாங்கியிருப்பேன். மனிதன் பயத்தில் ஒரு காரியம் செய்வான். ஆனால் நீங்கள் அன்றிலிருந்து, மதியம் எந்த போனும் வரவில்லை, ஒன்பது மணிக்கு வந்ததுதான் முதல் போன், மாதவ் தன் தாமதத்தை மறைக்கப் பொய் சொல்கிறான் என்று சொல்லி வருகிறீர்கள். என்னிடம் சொன்னீர்கள், என் சித்தப்பாவிடம் சொன்னீர்கள், அப்பாவின் பதிமூன்றாம் நாளில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு சொன்னீர்கள். மாதவ் சாப்பிடாமல் எழுந்து போனான்.

உங்கள் விளையாட்டின் சட்டம் எனக்குப் பிடித்திருக்கிறது. பட்டவர் சொன்னால் பட்டது. எட்டு வருடமாக நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் சர்வேயர் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். முன்பின் தெரியாத பிள்ளைகளுக்காகச் சட்டையில் உரசினதற்கெல்லாம் ஒரே நாளில் பதினோரு தடவை செத்திருக்கிறீர்கள். வாழ்த்துகள்.

மர்யம் போன வாரம் என்னிடம், "ஒனக்கு என்னதான் வேணும் தாயி? ஒத்த வாக்கியத்துல சொல்லு" என்றார். சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன். 'இரண்டு மணிக்கே எனக்குத் தெரியும்.' இதை நீங்கள் என்னிடம் சொல்ல வேண்டும். மன்னிப்பு, அழுகை, காரணம் எதுவும் வேண்டாம். சொன்னால் ஜூன் பதினெட்டாம் தேதி நான் கையெழுத்துப் போடமாட்டேன். திரும்ப வரும்படியும் சொல்வேன். இந்த வீடு எனக்குப் பெரிதாகத்தான் இருக்கிறது.

படிவத்துக்கு இது உபயோகப்படுமா என்று தெரியவில்லை.

சாருலதா


சான்பாடா
6 மே 2025

அன்புள்ள சாரு,

இரண்டு மாதமாக எழுதாததற்கு மர்யம் போனில் திட்டிவிட்டார். நியாயம்தான். உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். பதில் எழுத உட்கார்ந்தால் கை வரவில்லை. அந்தப் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வந்துவிட்டது. ஒரே மூச்சில் இரண்டு பக்கம்.

நல்ல செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லிவிட்டேன், சாரு. நீ கேட்ட வாக்கியத்தை.

நேற்று முன்தினம் பன்வேல் பண்ணையில் ஆட்டம். மே மாத வெயிலில் தோல் கவசம் என்ன சுகம் கொடுக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பன்னிரண்டு மணிக்குள் எங்கள் சேனையில் மூன்று பேர் எதிரி தொடாமலே விழுந்தார்கள். எலெக்ட்ரால் கொடுத்து எழுப்பினோம். என் பாத்திரம் வஜ்ரபாகு, கோட்டை வாசல் அதிகாரி. அரண்மனையில் ஒரு பெண்ணுக்கு ஊரிலிருந்து தகப்பனாரைப் பற்றித் தூதன் செய்தி கொண்டுவருகிறான். உள்ளே விருந்து நடக்கிறது. விருந்து முடியட்டும் என்று வஜ்ரபாகு தூதனை ஏழு மணி நேரம் வாசலிலேயே நிறுத்தி வைத்துவிடுகிறான். இதுதான் நான் எழுதிக் கொடுத்த குற்றம்.

கௌசிக்குக்கு அது மிகவும் பிடித்துப்போய், சாயங்காலச் சபையில் அதையே வழக்காக வைத்துவிட்டான். சாதனாதான் மகாராணி. கிரீடம், சிவப்புப் போர்வை, எல்லாம். நான் வாளைக் கீழே வைத்து மண்டியிட்டேன். அவள் கேட்டாள், "செய்தி உனக்கு எப்போது தெரியும்?" ஆட்டம் இந்தியில் நடப்பதால் இந்தியில்தான் சொல்ல வேண்டியிருந்தது. "தோ பஜே ஹி பதா தா, மகாராணி" என்றேன். இரண்டு மணிக்கே தெரியும்.

சொன்னதும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. அழுதுவிட்டேன். நிஜமாகவே எங்கோ அடிபட்டுவிட்டது என்று கௌசிக் பயந்து 'ஹோல்ட்!' என்று கத்தினான். அந்தச் சொல் கேட்டால் எல்லோரும் இருந்த இடத்தில் அப்படியே நிற்க வேண்டும். முப்பத்திரண்டு பேரும் நின்றார்கள். "ஒன்றுமில்லை, கதைதான். நடத்துங்கள்" என்றேன். நடத்தினார்கள். மகாராணி எழுந்து வந்து என் தலையைத் தொட்டு, தானாக ஒப்புக்கொண்டதால் மன்னித்தோம் என்றாள். முப்பத்திரண்டு பேரும் வாளைக் கேடயத்தில் தட்டினார்கள். நான் எழுந்தபோது இருபது கிலோ குறைந்த மாதிரி இருந்தது. அன்று ராத்திரி எட்டு மணி நேரம் தூங்கினேன். எட்டு வருடத்தில் இதுதான் முதல் முறை.

பிறகு டீ குடிக்கும்போது, இது நிஜமாக என் வீட்டில் நடந்தது, என் மனைவி செம்பூர்க் காலேஜில் லைப்ரரியன் என்று சொன்னேன். மறைத்து என்ன ஆகப் போகிறது? இன்னும் பலமாகக் கை தட்டினார்கள். "அங்கிள், க்யா தில் ஹை ஆப்கா", என்ன மனசு உங்களுக்கு, என்று ஒருவன் கட்டிப் பிடித்தான். சாதனா மட்டும் டீ குடிக்காமல் எழுந்து போனாள். களைத்திருப்பாள்.

ஆகவே உன் நிபந்தனை நிறைவேறிவிட்டது என்று கொள்கிறேன். முப்பத்திரண்டு சாட்சிகள். பதினெட்டாம் தேதி மனுவை வாபஸ் வாங்கிக்கொண்டு அப்படியே சாப்பிடப் போகலாம். நான் அங்கே வரட்டுமா, நீ இங்கே வருகிறாயா? இங்கே வந்தால் உன் புத்தகங்களுக்கு ஹாலில் ஒரு சுவரைக் காலி செய்துவிடலாம். தச்சனிடம் அளவும் எடுக்கச் சொல்லிவிட்டேன்.

மிகுந்த அன்புடன்,
உன் அனந்து


மாட்டுங்கா
15 மே 2025

அன்புள்ள அனந்தநாராயணன்,

தச்சனை நிறுத்துங்கள்.

யாரிடம் சொன்னீர்கள்? பல் டாக்டருக்குப் படிக்கிற ஒரு பெண்ணிடம். அட்டைக் கிரீடம் வைத்துக்கொண்டிருந்தபோது. இந்தியில். உங்கள் பெயரையும் விட்டுவிட்டு, வஜ்ரபாகு என்கிற பெயரில். அவள் மன்னித்தாள். ஏன் மாட்டாள்? அவளுக்கு அதில் என்ன போயிற்று?

எட்டு வருடமாக நான் கேட்டுக்கொண்டிருந்த ஒரே பொருளை எடுத்துக்கொண்டு போய்ப் பன்வேலில் கொடுத்துவிட்டு, ரசீதை எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள். நன்றாகத் தூங்கினேன் என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். தூக்கம் உங்களுக்கு, கை தட்டல் உங்களுக்கு. எனக்கு ஹாலில் ஒரு சுவர்.

உங்கள் கடிதத்தில் ஓர் இடம் எனக்கு மிகவும் பிடித்தது. அந்தப் பையன் பயந்துபோய் எல்லாவற்றையும் நிறுத்தியிருக்கிறான். நிஜமாக அடிபட்டிருக்கிறதா என்று கேட்டிருக்கிறான். முப்பத்திரண்டு பேர் அசையாமல் உங்களுக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். 'ஆமாம், இது நிஜம், நான் வீட்டுக்குப் போகிறேன்' என்று எழுந்து வந்திருந்தால் நீங்கள் மாட்டுங்காவுக்கு வர ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். கதைதான், நடத்துங்கள் என்றீர்கள்.

இதுவரை எழுதியதை மர்யத்திடம் படித்துக் காட்டினேன். "பாவம் தாயி, அந்தாளு. இன்னொரு தடவ கேட்டுப் பாரு" என்றார். அவர் சொன்னதற்காகக் கேட்கிறேன். ராஜா ராணி யாரும் வேண்டாம். வெள்ளைத் தாளில், உங்கள் பெயரில், எனக்கு. நாலு சொல். தமிழில்.

மாதவுக்கும் ஒரு நகல் போட்டால் நன்றாக இருக்கும். போடாவிட்டாலும் பரவாயில்லை, நான் காட்டிக்கொள்கிறேன்.

சாருலதா


சான்பாடா
30 மே 2025

அன்புள்ள சாரு,

பொருள்: 9.3.2017 தேதியிட்ட தொலைபேசி அழைப்பு.

மேற்படி தேதியில் மதியம் சுமார் இரண்டு மணி அளவில் என் போனுக்கு ஓர் அழைப்பு வந்திருக்கக்கூடும் என்பதை மறுப்பதற்கில்லை. அன்று ஆபீஸில் இருந்த நெருக்கடியில் அதன் முக்கியத்துவம் முழுமையாக உணரப்படாமல் போயிருக்கலாம். செய்தி உரிய நேரத்தில் தெரிவிக்கப்படாததால் ஏற்பட்ட வருத்தத்துக்கு வருந்துகிறேன். மாதவ் அவர்கள் வேண்டுமென்றே தவறான தகவல் தந்தார் என்று நான் எப்போதும் கருதியதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இது நம் உறவை முன்னிட்டு எழுதப்படுவதே தவிர, எந்தப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டதாக ஆகாது.

கடைசி வரி பழக்கத்தில் வந்துவிட்டது. அடிக்கலாமா என்று யோசித்தேன். அடித்தால் கடிதம் அசிங்கமாகத் தெரியும் என்று விட்டுவிட்டேன்.

இது ஆறாவது பிரதி. முதல் ஐந்தும் இதைவிட மோசம். நீ கேட்ட நாலு சொல்லை எழுதிப் பார்த்தேன், சாரு. தனியாக ஒரு தாளில் எழுதினேன். எழுதி முடித்ததும் அது என் கையெழுத்து மாதிரியே இல்லை. அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். மண்டியிட்டுச் சொல்ல முடிகிறது, உட்கார்ந்து எழுத முடியவில்லை. இது ஏன் என்று உன் புத்தகங்களில் எங்காவது இருக்கும்.

இதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை. இதைப் போதும் என்று ஏற்றுக்கொள்வாயா?

அனந்து


மாட்டுங்கா
11 ஜூன் 2025

அனந்தநாராயணன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நன்றாக டிராஃப்ட் செய்யப்பட்டிருந்தது. வக்கீலிடம் கொடுத்துவிட்டேன். அவர் வாய்விட்டுப் பாராட்டினார்.

இது என் கடைசிக் கடிதம். மர்யத்திடம் சொல்லிவிட்டேன். அவர், "நீ சாப்ட்டியா தாயி?" என்றார்.

ஒரு விஷயம் மட்டும் உங்களுக்குத் தெரிய வேண்டும். போன திங்கட்கிழமை மத்தியானம், கவுன்டரில் யாரும் இல்லாத நேரம், ஒரு பெண் வந்து நின்றாள். எங்கள் காலேஜ் பெண் இல்லை, ஐ.டி. கார்டு கழுத்தில் இல்லை. வெள்ளைக் கோட்டை மடித்துக் கையில் வைத்திருந்தாள். புத்தகம் வேண்டுமா என்றேன். இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"ஆன்ட்டி, நீங்கதானே அனந்த் அங்கிளோட... நான் சாதனா."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"எனக்கு ஸச்சி, நிஜமாவே தெரியாது ஆன்ட்டி. கேம்னு நெனச்சேன். நான் பாட்டுக்கு ஏதோ பெரிய ராணி மாதிரி மாஃப் பண்ணிட்டேன். அப்புறம் அவர் நிஜம்னு சொன்னதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுத்து. ஒரு மாசமா தூக்கமே இல்லை. அது உங்க சான்ஸ். நான் பண்ணியிருக்கப்டாது. ஸாரி, ஆன்ட்டி."

தமிழ்ப் பெண்தான், டோம்பிவிலியிலிருந்து வந்திருந்தாள். பரீட்சை நேரமாம். செம்பூரில் எத்தனை காலேஜ் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். இரண்டில் விசாரித்துவிட்டு வந்திருக்கிறாள், நான் மூன்றாவது. தண்ணீர் கொடுத்தேன். அவளுடைய அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டேன். மருந்துக் கடை வைத்திருக்கிறாராம், நன்றாக இருக்கிறாராம். அதைச் சொல்லும்போது தப்புச் செய்தவள் மாதிரிக் குனிந்துகொண்டாள்.

எட்டு வருடத்தில் இந்த விஷயத்துக்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டவள் அவள் ஒருத்திதான். பரவாயில்லை, போ என்றேன். மன்னிப்பது இவ்வளவு சின்ன வேலை என்று எனக்கும் அதுவரை தெரியாது. அரை நிமிடம்கூட ஆகவில்லை. அவள் போனபிறகு கவுன்டரை மூடிவிட்டுப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பதினெட்டாம் தேதி, புதன்கிழமை, காலை பதினோரு மணி. கல்யாணப் பதிவுச் சான்றிதழும் ஆதாரும் கொண்டுவாருங்கள். இரண்டும் அசலாக இருக்க வேண்டும். நகலை ஏற்றுக்கொள்ள மாட்டார்களாம்.

சாருலதா